விழுந்தால் யார் பொறுப்பு? – ஒரு தோப்பும் இருபது ரூபாய்ப் பத்திரமும்

இருபது ரூபாய் முத்திரைத்தாள் ஒன்று என் முன்னால் கிடக்கிறது. டைப் அடித்தது. எங்கள் காலனிப் பையன்கள் பதினான்கு பேரும் கையெழுத்துப் போடுவதற்குப் பதினான்கு புள்ளிக்கோடு. அதற்கும் கீழே தனியாக இன்னொரு கோடு. 'காலனிவாசிகள் அனைவருக்காகவும்' என்று போட்டு, அதில் நான் கையெழுத்துப் போட வேண்டுமாம். நான் போடவில்லை. ஏன் போடவில்லை என்று பத்து நாளாக ஊரும் கேட்கிறது, சேரியும் கேட்கிறது, முற்போக்கு நண்பர் ஒருவரும் கேட்கிறார். எல்லாருக்கும் சேர்த்து இங்கே பதில் சொல்லிவிடுகிறேன்.

விஷயம் இதுதான். எங்கள் பையன்கள் கபடி ஆடுகிறார்கள். ஏரி உள்வாயில் ஆடிக்கொண்டிருந்தார்கள். மழை பேஞ்சு ஏரி ரொம்பினா களம் தண்ணிக்குள்ள போயிடும். அப்புறம் நாலு மாசம் ரோட்டு மேலதான். லாரி வந்தா ஒதுங்கணும். ஊர்த்தெருக்காரர் ஒருவருக்குத் தென்னந்தோப்பை ஒட்டி முக்கால் ஏக்கர் தரிசு சும்மா கிடக்கிறது. அதை வாடகைக்குக் கேட்கலாம் என்று பையன்கள் முடிவு பண்ணினார்கள். கவனியுங்கள் தோழர்களே, இனாமாகக் கேட்கவில்லை. கைகட்டி நிற்கவில்லை. கேட்டரிங் வேலைக்குப் போயி, கல்யாண மண்டபத்துல எச்சில் எலை எடுத்து சேர்த்த காசு. அதைக் கொண்டுபோய் வைத்து, "சார், மாசம் இவ்ளோ குடுக்குறோம், சாயங்காலம் ரெண்டு மணி நேரம் ஆடிக்கிறோம்" என்று கேட்டார்கள்.

அவர் கேட்ட முதல் கேள்வி: "எவனாவது விழுந்து கையக் கால ஒடச்சிக்கினா யாருப்பா பொறுப்பு?"

நியாயமான கேள்விதானே என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது. அப்புறம் பத்திரம் வந்தது. அதைப் படித்தேன்.

பத்திரம் சொல்வது

ஒன்று: விளையாடுகிறவர்களுக்கு ஏற்படும் காயம், ஊனம், மரணம் எதற்கும் நில உரிமையாளர் பொறுப்பல்ல. இரண்டு: மரம், வேலி, மோட்டார், பைப்பு எதற்குச் சேதம் வந்தாலும் காலனிவாசிகள் கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பு. மூன்று: சட்டம் ஒழுங்குப் பிரச்சினை எது வந்தாலும் காலனியே பொறுப்பு. நான்கு: தலைவர்கள் படம், கொடி, பேனர், ஒலிபெருக்கி கூடாது, குழுவின் பெயரை மாற்றிக்கொள்ள வேண்டும். ஐந்து: பம்புசெட் தொட்டியில் தண்ணீர் எடுக்கக் கூடாது, குடிக்கத் தண்ணீர் அவரவர் குடத்தில் கொண்டுவர வேண்டும். வாடகை மாதம் ஐயாயிரம். முன்பணம் ஐம்பதாயிரம்.

எங்கள் குழுவின் பெயரில் அம்பேத்கர் இருக்கிறார். அதுதான் மாற்றவேண்டிய பெயர்.

இப்போது சொல்லுங்கள். கால் ஒடிவதற்கும் அம்பேத்கர் படத்துக்கும் என்ன சம்பந்தம்? விபத்துக்கும் பம்புசெட் தண்ணிக்கும் என்ன சம்பந்தம்? முதல் வரியில் 'பொறுப்பு' என்று நாகரிகமாகத் தொடங்கிய பத்திரம், அஞ்சாவது வரிக்கு வரும்போது எங்க பாட்டன் காலத்துக் குடத்துக்குப் போயிடுச்சு. நாலு வரி தாண்டுறதுக்குள்ள நூறு வருஷம் பின்னால போற வண்டி இது.

இன்னொரு சங்கதி. அதே தோப்புக்கு மேற்கே ஊர்ப்பையன்கள் கிரிக்கெட் ஆடுகிறார்கள். வாடகை கிடையாது. பத்திரம் கிடையாது. பந்து மோட்டார் ரூம் ஓட்டை உடைத்திருக்கிறது, நான் பார்த்திருக்கிறேன். அங்கே விழுந்தால் யார் பொறுப்பு என்று யாரும் கேட்டதில்லை. 'நம்ம பசங்க' விழுந்தா தூக்கிவிடுவாங்க. 'அவங்க பசங்க' விழுந்தா வழக்கு வரும். இந்த 'நம்ம'வுக்கும் 'அவங்க'வுக்கும் நடுவில் இருக்கிற கோட்டுக்கு முத்திரைத்தாளில் ஒரு பெயர் கண்டுபிடித்திருக்கிறார்கள். பொறுப்பு!

எங்கப்பா விழுந்தபோது

என் சொந்தக் கதையை இங்கே சொல்லவேண்டிய அவசியம் இருக்கிறது. இதே தோப்பில் எங்கப்பா தேங்காய் பறித்தார். கூலிக்கு. ஒருநாள் பாளை வழுக்கி மேலேயிருந்து விழுந்தார். இடுப்பு போய்விட்டது. அதற்குப் பிறகு பதினோரு வருடம் உயிரோடு இருந்தார், நிமிர்ந்து நடக்கவில்லை. அன்றைக்குத் தோப்புக்காரர் வீட்டிலிருந்து ஒரு மூட்டை நெல் வந்தது. 'அவனா ஏறுனான், அவனா வுழுந்தான், அவன் விதி' என்ற வார்த்தையும் கூடவே வந்தது.

வேலையில் அடிபட்டவனுக்கு முதலாளி நட்டஈடு தரவேண்டும் என்று 1923லேயே வெள்ளைக்காரன் சட்டம் போட்டான். எங்கப்பாவுக்கு அது தெரியாது. எங்களுக்குத் தெரியவிடவில்லை. மரம் ஏறுகிறவனிடம் யாரும் பத்திரம் எழுதி வாங்கவில்லை. 'விழுந்தால் யார் பொறுப்பு' என்று அன்று ஒரு வாய்கூடக் கேட்கவில்லை. ஏனென்றால் பதில் எல்லாருக்கும் தெரியும். விழுந்தவன்தான் பொறுப்பு!

எங்க பெரியப்பா பேரன் ஒருத்தன், எட்டு வயசு, பந்து எடுக்கப் போய்ப் பக்கத்துக் கொல்லைத் தரைக்கிணற்றில் விழுந்து செத்தான். கிணற்றுக்குக் கைப்பிடிச் சுவர் இல்லை. அது யார் கிணறு என்று போலீஸ் கேட்கவில்லை. "புள்ளைய ஏன் தனியா வுட்டீங்க" என்று அவன் அம்மாவைத்தான் கேட்டார்கள். அவள் அப்போது களை எடுத்துக்கொண்டிருந்தாள். யார் கொல்லையில் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆக, இந்த மண்ணில் நாங்கள் விழுவது புதிதல்ல. உழைக்கும்போது விழுந்தால் அது விதி. விளையாட வந்தால்தான் அது சட்டப் பிரச்சினையாகிறது. கூலிக்காரனாக வேலிக்குள் போனால் கேள்வி இல்லை. காசு கொடுத்து, சமமாக, எதிரே உட்கார்ந்து பேரம் பேசினால் மட்டும் உடனே 'ரிஸ்க்' வருகிறது. ஆபத்து எங்கள் எலும்பில் இல்லை. நாங்கள் வாடகைதாரராக வருவதில் இருக்கிறது.

நண்பருக்குப் பதில்

முற்போக்கு நண்பர் சொன்னார்: "தோழர், எல்லாத்தையும் சாதியாவே பாக்காதீங்க. எந்த ஊர்லயும் இடம் குடுக்குறவன் பயப்படத்தான் செய்வான். நாளைக்கு ஒருத்தன் செத்தா கேஸ் அவன் மேலதானே வரும்?"

சரி. சாதியைக் கொஞ்ச நேரம் ஒதுக்கி வைப்போம். சட்டத்தை மட்டுமே பேசுவோம். அதிலேயும் இந்தப் பத்திரம் நிற்காது.

நம் நீதிமன்றங்கள் பின்பற்றுகிற பொதுநெறி என்ன? ஆட்டத்தில் இயல்பாக உள்ள ஆபத்தைத் தெரிந்தே, விரும்பி ஏற்று இறங்குகிறவன் அதற்காக அடுத்தவனைக் கேட்க முடியாது. பாட்டுப் பாடிப் போனவன் பிடியில் மாட்டித் தோள்பட்டை இறங்கினால் நிலத்துக்காரர் மேல் வழக்கு நிற்காது. அதற்குப் பத்திரமே வேண்டாம். ஆனால் நிலத்தில் மறைந்திருக்கும் ஆபத்து இருக்கிறதே, அது வேறு. மூடாத கிணறு, தொங்குகிற கரண்ட் கம்பி, பன்றிக்கு என்று திருட்டுத்தனமாக இழுத்துவிட்ட மின்வேலி, இதெல்லாம் இருப்பது தெரிந்தும் சொல்லாமல் விட்டால் அது சொந்தக்காரர் பொறுப்புதான். குழந்தைகள் வருகிற இடம் என்றால் கவனம் இன்னும் கூடுதலாக வேண்டும். கவனக்குறைவால் ஒரு உயிர் போனால் பழைய இ.பி.கோ. 304-அ, இப்போதைய நியாய சன்ஹிதாவில் 106. அது அரசு நடத்தும் குற்ற வழக்கு. இருபது ரூபாய்ப் பத்திரத்தைக் காட்டி அதிலிருந்து தப்ப முடியாது. பதினான்கு கையெழுத்து என்ன, பதினாலாயிரம் கையெழுத்து வாங்கினாலும் முடியாது.

2019 அக்டோபரில் மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் கைவிடப்பட்ட ஆழ்துளைக் கிணற்றுக்குள் விழுந்து இரண்டு வயதுக் குழந்தை இறந்ததை நாடே பார்த்தது. இப்படிப்பட்ட கிணறுகளை மூடுவதற்கு உச்சநீதிமன்றம் 2010லேயே நெறிமுறை வகுத்துக் கொடுத்திருந்தது. நெறிமுறை இருந்தது, குழி திறந்தே கிடந்தது. நிலத்தின் பொறுப்பு என்றால் அதுதான் பொறுப்பு. எங்கள் பத்திரத்தில் அந்தத் தோப்புக் கிணற்றைப் பற்றி ஒரு வரி இருக்கிறதா? இல்லை. கிணற்றுத் தண்ணியைத் தொடக்கூடாது என்பதற்கு வரி இருக்கிறது. கிணற்றை மூடுவதற்கு வரி இல்லை!

அடுத்தது. பதினான்கு பேரில் ஒன்பது பேருக்குப் பதினெட்டு வயது ஆகவில்லை. 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 11ஆம் பிரிவுப்படி மைனர் ஒப்பந்தம் செய்யும் தகுதியில்லாதவன். அவன் போட்ட ஒப்பந்தம் தொடக்கத்திலிருந்தே செல்லாது என்று 1903லேயே பிரிவி கவுன்சில் சொல்லிவிட்டது. அப்புறம் எதற்கு அந்த ஒன்பது கோடு? சட்டத்துக்காக இல்லை. பள்ளிக்கூடப் பையன் கையை இழுத்து, 'நான் செத்தாலும் கேட்க மாட்டேன்' என்று எழுத வைப்பதில் ஒரு சுகம் இருக்கிறது. அதற்காக.

இன்னொரு பயத்தையும் அவர் மறைமுகமாகச் சொன்னார். "வுட்டா அப்படியே ஒக்காந்துக்குவீங்க." குத்தகை உரிமை கேட்டுவிடுவோமாம். அதற்கும் 1882லேயே வழி இருக்கிறது. சொத்து மாற்றுச் சட்டத்தில் சொல்கிற குத்தகை வேறு, வசதியுரிமைச் சட்டம் 52ஆம் பிரிவு சொல்கிற அனுமதி வேறு. சாயங்காலம் இரண்டு மணி நேரம் ஆடிக்கொள்ள அனுமதி என்று எழுதினால் நிலத்தில் எந்த உரிமையும் கை மாறாது. எந்தப் பத்திர எழுத்தருக்கும் தெரிந்த விஷயம் இது. தெரிந்திருந்தும் ஏன் எழுதவில்லை? பயத்தைத் தீர்த்துவிட்டால் மறுப்பதற்குக் காரணம் போய்விடுமே!

காப்பீடு வேண்டும் என்று கேட்டாரா? கேட்கவில்லை. கேட்டிருந்தால் நாங்களே சந்தோஷமாகச் செய்திருப்போம். பிரதமர் விபத்துக் காப்பீட்டுத் திட்டம் 2015லிருந்து இருக்கிறது. வங்கிக் கணக்கு உள்ள, பதினெட்டு வயது முடிந்தவர்களுக்கு 2022 ஜூனிலிருந்து வருடத்துக்கு 20 ரூபாய். விபத்தில் உயிர் போனாலோ முழு ஊனம் ஆனாலோ இரண்டு லட்சம். அந்தப் பத்திரத்தின் முத்திரைத்தாள் விலையும் அதே இருபது ரூபாய்தான் தோழர்களே! ஒரு இருபது ரூபாய் பையன் வீட்டைக் காப்பாற்றும். இன்னொரு இருபது ரூபாய் தோப்புக்காரரின் மேட்டிமையைக் காப்பாற்றும். அவர் எதை வாங்கிக்கொண்டு வந்தார் என்று பாருங்கள்.

கூட்டுப் பொறுப்பு என்னும் பழைய விலங்கு

இப்போது ஒதுக்கி வைத்த சாதியைத் திரும்ப எடுத்துக்கொள்வோம். பத்திரத்தின் இரண்டாவது, மூன்றாவது நிபந்தனைகள். ஒருவன் வேலியை உடைத்தால் காலனி முழுக்கப் பொறுப்பு.

ஒருத்தன் செய்ததற்குக் கூட்டமே குற்றவாளி என்பது யார் வைத்த சட்டம்? 1871இல் வெள்ளைக்காரன் கொண்டுவந்தது குற்றப்பரம்பரைச் சட்டம். பிறந்த குலத்தைக் காட்டியே ஜனங்களைக் குற்றவாளியாகப் பதிவு செய்து, கைரேகை எடுத்து, ராத்திரியில் ஸ்டேஷனில் படுக்கவைத்த சட்டம். சென்னை மாகாணத்தில் 1947இலும் நாடு முழுக்க 1952இலும் அதை ஒழித்தார்கள். புத்தகத்தில் ஒழிந்தது. எங்கள் பக்கம் எந்தத் திருவிழா வந்தாலும் சமாதானக் கூட்டம் என்று கூப்பிட்டு, பழைய 107இல், இப்போது பெயர் மாறி வந்திருக்கிற 126இல், காலனிப் பையன்களிடம் பிணை எழுதி வாங்குவது மட்டும் ஒழியவில்லை. போலீஸ் ஸ்டேஷனில் கற்றுக்கொண்ட பாடத்தைத்தான் தோப்புக்காரர் தன் தோப்பில் எழுதிப் பார்க்கிறார்.

வேடிக்கை என்னவென்றால், இந்த நாட்டுச் சட்டத்தில் கூட்டுப் பொறுப்பு உண்மையிலேயே ஓர் இடத்தில் இருக்கிறது. குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டத்தில் 1976ஆம் ஆண்டுத் திருத்தம் சேர்த்த 10-அ பிரிவு. தீண்டாமைக் குற்றத்தைச் செய்கிற, அதற்குத் துணைபோகிற, குற்றவாளியை மறைக்கிற ஒரு பகுதியின் மக்கள்மீது கூட்டு அபராதம் விதிக்க அரசுக்கு அதிகாரம் கொடுக்கிறது. 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 16ஆம் பிரிவு அதையே வன்கொடுமைக்கும் பொருத்துகிறது. அதாவது சட்டம் கூட்டாகப் பொறுப்பேற்கச் சொல்வது ஊரை! எங்கள் வட்டாரத்தில் எந்த ஊருக்காவது அப்படி அபராதம் போட்டதாக நான் கேள்விப்பட்டதே இல்லை. சட்டத்தில் எழுதியிருக்கிற ஊர்ப் பொறுப்பு தூங்குகிறது. எந்தச் சட்டத்திலும் இல்லாத சேரிப் பொறுப்பு விழித்துக்கொண்டு கோடு போட்டுக் காத்திருக்கிறது.

1968 டிசம்பர் 25, வெண்மணி. 44 உயிர். 1973இல் உயர்நீதிமன்றம் நிலக்கிழார்களை விடுதலை செய்தது. இவ்வளவு வசதியும் காரும் உள்ள மனிதர்கள் தாங்களே நடந்து போய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கடினம் என்று அந்தத் தீர்ப்பு கருதியதை நாம் மறக்கவில்லை. 44 பேர் கருகியதற்குப் பொறுப்பு யாரும் இல்லை. தென்னங்கன்று ஒன்று ஒடிந்தால் பொறுப்பு ஒரு காலனி முழுக்க.

குதிரைக்கு 160 ஏக்கர்

கபடிக் களத்தின் அளவு என்ன தெரியுமா? நீளம் 13 மீட்டர், அகலம் 10 மீட்டர். கணக்குப் போட்டால் மூணேகால் சென்ட்கூட முழுசாக வராது. அதற்கு மாதம் ஐயாயிரம், முன்பணம் ஐம்பதாயிரம், ஐந்து நிபந்தனை.

கிண்டியில் குதிரை ஓட 160 ஏக்கருக்கு மேல் அரசு நிலம். 1945இல் 99 ஆண்டுக்குக் குத்தகை. வாடகை வருடத்துக்கு 614 ரூபாய்ச் சொச்சம். மாதத்துக்கு இல்லை, வருடத்துக்கு! வாடகையை உயர்த்தியபோது கொடுக்கவில்லை. 2023இல் உயர்நீதிமன்றம் 730 கோடி ரூபாய்க்கு மேல் பாக்கி கட்டச் சொன்னது. 2024 செப்டம்பரில்தான் அரசு குத்தகையை ரத்து செய்து இடத்தைப் பூட்டியது. அந்த இடத்தில் சுமார் ஐயாயிரம் கபடிக் களம் போடலாம். குதிரை விழுந்தால் யார் பொறுப்பு, குதிரைமேல் உட்கார்ந்தவன் விழுந்தால் யார் பொறுப்பு என்று எவரும் கிளப்புக்காரர்களிடம் குலத்தைச் சொல்லிப் பத்திரம் வாங்கியிருக்க மாட்டார்கள். மேட்டுக்குடி விளையாடினால் அதற்குப் பெயர் கிளப். சேரி விளையாடினால் அதற்குப் பெயர் கும்பல்.

பம்புசெட் தண்ணிக்கு வருகிறேன். புனேயில் வெள்ளைக்காரர்களுக்குப் பந்து போட்டுப் பயிற்சி கொடுத்தவர் பல்வங்கர் பாலு. சமார் சாதியில் பிறந்தவர். அவர் திறமை வேண்டும் என்று இந்துக் கிளப் சேர்த்துக்கொண்டது. களத்தில் எல்லாரும் தொட்ட பந்தைத்தான் அவரும் தொட்டார். இடைவேளையில் மட்டும் அவருக்கு வெளியே, மண்குவளையில் டீ. அவர் 1911இல் இந்திய அணியோடு இங்கிலாந்து போய் நூறு விக்கெட்டுக்கு மேல் எடுத்துத் திரும்பினார். அவர் தம்பி விட்டல் 1923இல்தான் இந்து அணிக்குத் தலைவரானார். நூறு வருடத்துக்கு முந்தின கதை என்று பெருமூச்சு விட வேண்டாம். மண்குவளை உடைந்து போய்விட்டது, சரி. அது இப்போது பத்திரத்தில் ஐந்தாவது நிபந்தனையாக உட்கார்ந்திருக்கிறது.

நிலம் யாருடையது

'தனியார் சொத்து, அவர் இஷ்டம்' என்கிறார் நண்பர். இருக்கட்டும். அந்தத் தனியார் சொத்து எப்படித் தனியார் சொத்தானது என்று கேட்கக்கூடாதா? செங்கல்பட்டு கலெக்டர் திரமென்கீர் 1891இல் எழுதிய அறிக்கை, 1892இல் வந்த பஞ்சமி நில ஆணை, பன்னிரண்டு லட்சம் ஏக்கர் என்று நம் இயக்கங்கள் பேசிவருகிற அந்த நிலங்கள், இந்த வரலாறு இந்தப் பத்திரிகை படிக்கிறவர்களுக்குப் புதிதல்ல. காரணை நிலத்துக்காகப் போராடி 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் துப்பாக்கிச் சூட்டில் விழுந்த ஜான்தாமஸ், ஏழுமலை இருவருக்கும் பொறுப்பேற்றது யார்?

எங்க ஆயா உயிரோடு இருந்தவரை அந்தத் தோப்பைத் 'தோப்பு' என்று சொன்னதில்லை. 'நம்ம மேட்டுக் கொல்ல' என்றுதான் சொல்லும். அது வெறும் பேச்சா, பதிவேட்டில் 'டி.சி.' என்று எழுத்து இருக்கிறதா என்று பார்க்கத் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போட்டிருக்கிறோம். பதில் வரட்டும். வந்த பிறகு யார் யாருக்கு வாடகை தரவேண்டும் என்று பேசிக்கொள்ளலாம்.

அதற்கு முன்பே பேசவேண்டியது ஒன்று உண்டு. 2015இல் திருத்தி, 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தை மாணவத் தோழர்கள் மறுபடி ஒருமுறை எடுத்துப் படிக்கவேண்டும். பொருளாதாரப் புறக்கணிப்பு என்பதற்கு அதில் விளக்கம் கொடுத்திருக்கிறது. கொடுக்கல் வாங்கலை மறுப்பது மட்டுமல்ல; வழக்கமாக எல்லாரிடமும் என்ன நிபந்தனையில் வியாபாரம் நடக்குமோ அதே நிபந்தனையில் செய்ய மறுப்பதும் அதில் வருகிறது. ஊர்ப்பையனுக்கு வாய்வார்த்தை, காலனிப்பையனுக்கு ஐந்து நிபந்தனை. இது அந்த விளக்கத்துக்குள் வருமா வராதா? என் வாசிப்பில் வரும். வழக்கறிஞர் தோழர்கள் இதை நீதிமன்றத்தில் வைத்து வாதாடிப் பார்க்க வேண்டும். ஊர்ப்பையன்களுக்கு இடம் விட்ட விவரத்தைத் தேதியோடு, போட்டோவோடு குறித்து வைக்கச் சொல்லிப் பையன்களிடம் கொடுத்திருக்கிறேன்.

நம் பக்கத்துக்கும் கொஞ்சம்

எல்லாவற்றையும் ஊர்மேலே போட்டுவிட்டு நாம் தப்பிக்க வேண்டாம். ஏப்ரல் 14 வந்தால் கபடிப் போட்டி, கோப்பை, கட்அவுட், ஆர்க்கெஸ்ட்ரா. அந்த ஒருநாள் செலவில் மூன்று வருடத்துக்கு ஒரு களம் எடுத்திருக்கலாம். போட்டியில் அடிபட்ட பையனை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டுப் பரிசளிப்பு நடத்திய விழாக் குழுவில் நானும் இருந்தேன். அவன் கட்டு பிரிக்கும்வரை நாங்கள் யாரும் போய்ப் பார்க்கவில்லை. அவனுக்கு யார் பொறுப்பு? தோப்புக்காரரைக் கேட்கிற கேள்வியை என்னையும் கேட்டுக்கொள்கிறேன்.

பெண்பிள்ளைகள்? காலனியில் ஓட ஆசைப்படுகிற பிள்ளைகள் ஆறேழு பேர் இருக்கிறார்கள். சமுதாயக் கூடத்துக்கு முன்னால் இருக்கிற காலி இடத்தில் பயிற்சி எடுக்கக் கேட்டபோது நம் நாட்டாமைகள் சொன்ன பதில் என்ன? "ஏதாவது ஆச்சின்னா யாரு பொறுப்பு?" அதே வார்த்தை! தோப்புக்காரர் வாயிலிருந்து நம் வாய்க்கு அது எப்படி வந்தது? மேலேயிருந்து கீழே அதிகாரம் இறங்குகிற படிக்கட்டில் நாமும் ஒரு படியாகத்தான் நிற்கிறோம்.

நாங்கள் எழுதிய பத்திரம்

பையன்களும் பெண்பிள்ளைகளும் உட்கார்ந்து வேறொரு தாள் எழுதியிருக்கிறார்கள். முத்திரைத்தாள் இல்லை, நோட்டுப் புத்தகத் தாள். கிணற்றுக்கு வலையும் சுவரும் போடுவது, களத்துக்கு மேலே போகிற கரண்ட் கம்பியை மாற்றுவது, தெரிந்த ஆபத்தை முன்கூட்டியே சொல்வது சொந்தக்காரர் பொறுப்பு. ஆட்டத்தில் வரும் காயம், முதலுதவிப் பெட்டி, காப்பீடு, பெரியவர் ஒருவர் கூடவே இருப்பது குழுவின் பொறுப்பு. சேதம் செய்தவர் யாரோ அவர் ஈடு செய்வார். குழு துணை நிற்கும். காலனியை இழுக்கக் கூடாது. மைனர்களின் பெற்றோருக்கு எல்லாம் படித்துக் காட்டி ஒப்புதல் வாங்குவோம், ஆனால் எவர் உயிரையும் எழுதித் தரமாட்டோம். பெயர் மாறாது. தண்ணீர் பொது. ஊர்ப்பையன்களும் இதே தாளில் கையெழுத்துப் போட வேண்டும். வாடகை இருவருக்கும் ஒன்று.

தோப்புக்காரர் வாங்கிப் படித்தார். "யோசிச்சு சொல்றேன்பா" என்றார். யோசிக்கட்டும். நாங்கள் அவருக்காகக் காத்திருக்கப் போவதில்லை. அடுத்த கிராமசபையில் களத்துமேட்டுப் புறம்போக்கை அளந்து விளையாட்டுத் திடலாக ஒதுக்கச் சொல்லித் தீர்மானம் கொண்டுவருகிறோம். 2024இல் அரசு ஊராட்சிகளுக்குக் கொடுத்த விளையாட்டுப் பை எங்கள் ஊராட்சி அலுவலகத்தில் பூட்டியே கிடக்கிறது. அதன் சாவியையும் கேட்கப் போகிறோம்.

புறப்படும்போது குழுவில் சின்னவன், எட்டாவது படிக்கிறவன், என்னைக் கேட்டான்: "அண்ணா, எங்க தாத்தா அந்தத் தோப்புல நாப்பது வருஷம் வேல செஞ்சாராமே, அவருகிட்ட இந்த மாதிரி எழுதி வாங்குனாங்களா?"

வாங்கவில்லைடா தம்பி. அவர் கேட்கமாட்டார் என்று அவர்களுக்குத் தெரியும். நீ கேட்பாய் என்று தெரிந்துதான் உன்னிடம் எழுதி வாங்க வருகிறார்கள். நீ கேள்.